எழும்ப மறுக்கும் கம்ப்யூட்டர்

"கம்ப்யூட்டரா? அதெல்லாம் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிற சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே!

மிக்ஸி ஓடாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பிளக்கை அழுத்துகிறோம். ஜார் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று திருகிப் பார்க்கிறோம். அடியில் இருக்கிற சின்னப் பட்டனை அமுக்குகிறோம். அதற்கெல்லாம் அசையாவிட்டால்தானே மெக்கானிக்? வீட்டில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் எழும்பாவிட்டாலும் இதே வரிசைதான். எனக்கு இது புரிந்தது போன ஐப்பசியில், கல்வராயன் மலையில்.

நான் இருப்பது கள்ளக்குறிச்சியில். என் சித்தி மகள் மலைமேல் வெள்ளிமலையில் இருக்கிறாள். அவள் பெரிய பையன் காலேஜில் படிக்கும்போது, சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கி, லீவுக்கு வந்து வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தான். இப்போது அவன் சென்னையில் வேலையில் இருக்கிறான். தங்கை அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவளுடைய மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை எழுதி வருகிறாள். பன்னிரண்டு பெண்களின் சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாம் அதற்குள்தான்.

அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, கம்ப்யூட்டர் செத்துப் போச்சுக்கா! பட்டனை அமுக்கினா காத்தாடி சுத்துது, லைட்டும் எரியுது. திரையில ஒண்ணுமே வரல. கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். மதர்போர்டு போயிருக்கும், ஒன்பதாயிரம் ஆகும், எதுக்கும் ஃபார்மட் பண்ணித்தான் தரணும்ங்கிறாரு. திங்கக்கிழமை பேங்க்ல லோன் கூட்டம். கணக்கைக் காட்டணும். தோட்டை அடகு வச்சிடலாமான்னு பார்க்கிறேன்."

"தோடு காதிலேயே இருக்கட்டும். நாளைக்கு நான் வர்றேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதே" என்றேன். தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளூர உதறல்தான். கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி பஸ் மலையேறுகிற வரைக்கும், அவள் மகனிடம் போனில் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புதான் இந்தக் கட்டுரை.

உள்ளே என்ன நடக்கிறது?

காலையில் வாசல் தெளித்த பிறகு கோலம், அடுப்புப் பற்றிய பிறகு பால் என்று நம் வீட்டில் ஒரு வரிசை உண்டல்லவா? கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு.

பட்டனை அமுக்கியதும், எஸ்.எம்.பி.எஸ். என்கிற இரும்புப் பெட்டி சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்து மற்ற பாகங்களுக்குப் பரிமாறுகிறது. அது ஒழுங்காக வந்ததும் பிராசசர் கண் விழிக்கிறது. மதர்போர்டில் உள்ள ஒரு சில்லில் 'பயாஸ்' என்ற குறிப்பு எழுதியிருக்கும். அதைப் படித்து, நினைவகமான ரேம் இருக்கிறதா, திரைக்குப் படம் போகிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. எல்லாம் சரி என்றால்தான் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸைத் தேடிப் போகிறது.

ஆகவே, கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நின்றது என்று கவனித்தாலே பாதி வியாதி தெரிந்துவிடும். உங்கள் கணக்கும் போட்டோக்களும் இருப்பது டிஸ்க்கில். திரை இருட்டாக இருப்பதாலேயே அவை அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. 'ஃபார்மட்' செய்தால்தான் அவற்றுக்கு ஆபத்து!

வீட்டில் கம்ப்யூட்டர் பூட்டுகிற பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1975-ல் அமெரிக்காவில் 'ஆல்டேர் 8800' என்ற கம்ப்யூட்டரே உதிரி பாகங்களாக, வாங்குகிறவர் வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி விற்பனைக்கு வந்தது. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனியின் பி.சி. வந்தது. அதே அமைப்பில் மற்றக் கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்தன. 1995-ல் இன்டெல் கம்பெனி 'ஏ.டி.எக்ஸ்.' என்று ஓர் அளவுமுறையைக் கொண்டுவந்தது. திருகு எங்கே, ஒயர் எப்படி என்பதெல்லாம் பொதுவாயிற்று. அதனால்தான் ஒரு கம்பெனியின் பெட்டியில் இன்னொரு கம்பெனியின் போர்டு உட்காருகிறது. நமக்கு இதில் என்ன லாபம் என்றால், ஒரு பாகம் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

கை வைப்பதற்கு முன்

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரின் பட்டனைச் சில விநாடிகள் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

நைலான், பாலியெஸ்டர் புடவை வேண்டாம், பருத்திதான் நல்லது. செயற்கை இழை உரசி உண்டாகிற நிலைமின்சாரம் நம் கண்ணுக்குத் தெரியாமலே சில்லுகளைக் கெடுத்துவிடும். வளையலைக் கழற்றி வையுங்கள். கழுத்துச் சங்கிலி தொங்காமல் ரவிக்கைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் வர்ணம் பூசாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள்.

மூடியைக் கழற்றியதும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று பிறகு திண்டாட வேண்டாம். திருகுகளை ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அது கெட்டால் மாற்ற வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் 'சுருக்'கென்கிறதா? அலட்சியம் வேண்டாம். பெரும்பாலும் வீட்டு ஒயரிங்கில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகு மற்றதைப் பாருங்கள்.

மூச்சே இல்லையா?

பட்டனை அமுக்கினால் லைட்டும் இல்லை, காற்றாடியும் இல்லை என்றால் கோளாறு கரண்ட் வருகிற வழியில் இருக்கிறது.

அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதைத் தவிர்த்து, நேராகச் சுவரில் கொடுத்துப் பாருங்கள். யு.பி.எஸ். பேட்டரிக்குச் சில வருஷங்கள்தான் ஆயுள். பழி கம்ப்யூட்டர் மேல் விழுந்தாலும், குற்றவாளி பல சமயம் அந்தப் பேட்டரிதான்.

பெட்டியின் பின்பக்கம், பவர் கார்டு செருகும் இடத்தருகே ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு கோடும் ஒரு வட்டமும் போட்டிருக்கும். கோட்டுப் பக்கம் அமுங்கியிருக்க வேண்டும். பெருக்கித் துடைக்கும்போது துணி பட்டே அது அணைந்துவிடுவதுண்டு! பழைய ரகங்களில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும். நம் ஊருக்கு அது 230-ல்தான் இருக்க வேண்டும். மாற்றிவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். வெடித்துக் கெட்டுப்போகும்.

பிறகு பிளக்கை உருவிவிட்டு உள்ளே பாருங்கள். மதர்போர்டில் 24 முனை கொண்ட பெரிய ஒயர்க் கொத்து ஒன்று செருகியிருக்கும். அதை அழுத்திப் பாருங்கள். அதுவும் சரி என்றால், முன்பக்கப் பட்டனே தேய்ந்திருக்கலாம். பெட்டியில் ரீசெட் பட்டன் இருந்தால், அதன் சின்ன ஒயரை எடுத்து பவர் பட்டன் ஒயர் இருந்த இரண்டு முனைகளில் செருகுங்கள். ரீசெட்டை அமுக்கினால் கம்ப்யூட்டர் ஓடும்! பட்டன் மாற்றுகிற வரை காலம் தள்ளலாம்.

காற்றாடி சுற்றுகிறது, திரை இருட்டு

தங்கை வீட்டில் நடந்தது இதுதான். வெள்ளிமலையில் நான் இறங்கியபோது எதிரே வருகிற ஆள் தெரியாத பனிமூட்டம். காயப்போட்ட துணி மூன்று நாளாக ஈரம் என்றாள் தங்கை. அந்த ஈரக்காற்று பெட்டிக்குள்ளும் போயிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மகன் போனில் இருந்தான். "பெரியம்மா, முதல்ல மானிட்டரைப் பாருங்க. அதுக்குத் தனியா கரண்ட் வருதா?"

வந்தது. 'நோ சிக்னல்' என்று ஒரு கணம் எழுத்து வந்து மறைந்தது. "அப்போ மானிட்டர் நல்லா இருக்கு. ஒயரை ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டுங்க" என்றான். மாட்டினோம். பிரயோஜனமில்லை.

இங்கே ஒரு விஷயம். தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில், மானிட்டர் ஒயரை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மேலே மதர்போர்டிலும் அதே மாதிரி ஒரு துளை இருப்பதால், இடம் மாற்றிச் செருகிவிட்டுத் தவிப்பவர்கள் அநேகம்.

அடுத்தது, பிராசசருக்கென்று தனியாகப் போகிற 4 அல்லது 8 முனை ஒயர். புதிதாகப் பூட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு. அது இல்லாமல் காற்றாடி சுற்றும், கம்ப்யூட்டர் எழும்பாது. தங்கையின் பெட்டியில் அது சரியாகவே இருந்தது.

"இப்போ ரேமை எடுங்க, பெரியம்மா. ரெண்டு பக்கமும் இருக்கிற கிளிப்பை விரிச்சா தானா மேலே எழும்பும். தங்க நிறப் பல்லுல விரல் படக் கூடாது."

ஓரத்தைப் பிடித்து எடுத்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய பற்கள், புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் செம்பு மாதிரி மங்கிக் கிடந்தன. "பாப்பா கிட்ட பென்சில் ரப்பர் வாங்கி மெதுவா தேய்ங்க" என்றான். எட்டாம் வகுப்பு படிக்கிற அவன் தங்கை, ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து மனசில்லாமல் ஒரு வெள்ளை ரப்பரை எடுத்துக் கொடுத்தாள். நான்கைந்து முறை தேய்த்து, ரப்பர்த் தூளை உலர்ந்த துணியால் துடைத்தேன். துளையை ஒரு புது பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். உப்புத்தாள், எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது!

ரேமில் ஒரு வெட்டு இருக்கும். அது துளையின் மேட்டோடு பொருந்துகிற மாதிரி வைத்து, இரண்டு முனையையும் கிளிப் 'டக்'கென்று விழும் வரை அழுத்த வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. எது கெட்டது என்று அப்போது தெரிந்துவிடும். புதிய ரக டி.டி.ஆர்.5 ரேமாக இருந்தால், கழற்றி மாட்டிய பிறகு சில நிமிஷம் திரை இருட்டாகவே இருக்கலாம். அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

நாங்கள் ஒரு ரேமை மட்டும் மாட்டிப் பட்டனை அமுக்கினோம். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். 'பீப்' என்று ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்து!

பீப் சத்தத்திலும் விஷயம் உண்டு. பல கம்ப்யூட்டர்களில் ஒரே ஒரு சின்ன பீப் என்றால் 'சௌக்கியம்'. விட்டுவிட்டுப் பல முறை கத்தினால் கோளாறு. எத்தனை முறை கத்தினால் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மதர்போர்டோடு வந்த புத்தகத்தில் பார்க்க வேண்டும். பல புதிய போர்டுகளில் சி.பி.யு., டி.ரேம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ அங்கேதான் சிக்கல்.

எழுத்து வருகிறது, மேலே நகரவில்லை

வெள்ளை எழுத்தோடு தங்கையின் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. தேதி தப்பாக இருக்கிறது, எஃப்1 பட்டனைத் தட்டு என்றது. தட்டினோம், விண்டோஸ் வந்தது. ஆனால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருந்தது!

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். பெயர் சி.ஆர்.2032, மூன்று வோல்ட். கரண்ட் இல்லாதபோது தேதியைக் காப்பாற்றுவது அதுதான். சில வருஷத்தில் தீர்ந்துவிடும். தேதி மாறுகிறது என்றால் அதை மாற்றுங்கள், அதிகச் செலவில்லை.

பேட்டரி நன்றாக இருந்தும், டிஸ்க்கைக் காணோம் என்கிறதா? முதலில் பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பார்த்து உருவுங்கள். பிறகு அணைத்து, டிஸ்க்குக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் கழற்றி மாட்டுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் ஓடவிட்டால் உள்ளே இருப்பது அழியும். அதற்கென்று அனுபவப்பட்டவரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

விண்டோஸ் பாதியில் திணறினால், 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அது உங்கள் கணக்கைத் தொடாது. 'ரீசெட்' செய்து எல்லாவற்றையும் நீக்கு என்று கேட்டால் மட்டும் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

எழுந்தவுடன் படுத்துவிடுகிறதா?

சில நிமிஷம் ஓடி அணைந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். பிராசசர் மேல் உள்ள காற்றாடி சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். காற்றாடி இதழை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். பிராசசருக்கும் அதன் மேல் உட்காரும் உலோகத் தகட்டுக்கும் நடுவே தடவிய பசை காய்ந்துபோனாலும் சூடு ஏறும். அதைப் புதிதாகத் தடவத் தெரிந்தவரிடம் விடுங்கள். மலைப்பாதையில் பஸ்ஸில் எடுத்துப்போனால், குலுக்கலில் அந்தக் கனமான தகடு தளர்ந்துவிடும். பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுபோவது நல்லது.

கருகல் வாசனை வந்தாலோ, போர்டில் நிற்கும் சின்ன உருளைகளின் தலை உப்பியிருந்தாலோ, நம் வைத்தியம் அங்கே முடிந்தது. மெக்கானிக்கிடம் போங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை

கழற்றிய பட்டன் பேட்டரியை மேஜையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தவழுகிற குழந்தை அதை விழுங்கித் தொண்டையில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். மூக்கில் போட்டுக்கொண்டாலும் ஆபத்துதான். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், 'தானாக வெளியே வரும்' என்று காத்திருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, உயரத்தில் வைத்து, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

வராமல் காக்க

இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்னலுக்கு முன்னாலேயே பிளக்கையும் இன்டர்நெட் ஒயரையும் உருவிவிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் இரண்டு மூன்று முறையாவது கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டால், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. பின்பக்கம் திறந்திருக்கும் கார்டு சந்துகளுக்குத் தகடு போட்டு மூடுங்கள். பல்லிக்கும் எலிக்கும் அதைவிட வசதியான வீடு கிடையாது! காற்றோட்டத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பிறகு ஓட்டிப் பாருங்கள். குழம்பில் உப்பா, புளியா எது குறைகிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தானே பார்க்கிறோம்?

அன்று சாயங்காலம் திரையில் குழுக் கணக்கு வந்தது. பன்னிரண்டு பேரும், அவரவர் பாக்கியும், ஒரு பைசா பிசகாமல் இருந்தன. தங்கைக்குப் பேச்சு வரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் காப்பி போடப் போய்விட்டாள்.

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுயஉதவிக் குழு முயற்சி இன்று இந்த மலைவரை வந்திருக்கிறது. அந்தக் கணக்கு ஒரு பெட்டிக்குள் மட்டும் இருக்கலாமா? காப்பி குடித்த கையோடு இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தோம். ஒன்று அவள் வீட்டில், இன்னொன்று குழுத் தலைவி வீட்டில். முக்கியத் தொகைகளை நோட்டிலும் எழுதி வைக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. "லோன் சாங்ஷன் ஆயிடுச்சுக்கா! அப்புறம், அடுத்த தடவை வரும்போது கீழேயிருந்து ரெண்டு ரப்பர் வாங்கிட்டு வாங்க. ஒண்ணு கம்ப்யூட்டருக்கு. இன்னொண்ணு பாப்பாவுக்கு. கறுப்பாக்கிட்டீங்கன்னு இன்னும் கோவமா இருக்கா!"